களை என்னும் பதார்த்தத்தைக் குறித்து ஒரு விசாரணை

களை யாது என்னும் வினா பார்வைக்கு எளிதாகத் தோன்றினும், திருவண்ணாமலையில் கிரிவலப் பாதையை அடுத்த தெரு ஒன்றில் குடியிருந்துகொண்டு, எதிர்வீட்டுக்காரர் தம் கொல்லையைப் புல்வெளியாக்க ஓராண்டு காலம் பட்ட பாட்டைத் திண்ணையில் அமர்ந்தபடியே கவனித்து வந்ததன் பயனாக, தர்க்க சாஸ்திரம் கூறும் ஏழு பதார்த்தங்களுள் எதிலும் அடங்காத வஸ்து அதுவே என்ற நிச்சயத்துக்கு வந்திருக்கிறோம்.

வேண்டாத இடத்தில் முளைப்பது களை என்பது பூர்வபட்சம். அது பொருந்தாது. வேலியோரத்தில் நிற்கையில் வெட்டி எறியப்படும் எருக்கு, ஆவணி மாதத்துச் சதுர்த்தியன்று மாலையாகிக் கடைத்தெருவில் விலை பேசப்படுவதைக் காண்கிறோமாதலின், களைத்தன்மை இடத்தைப் பற்றியதன்று, பஞ்சாங்கத்தைப் பற்றியதே என்பது எமது சித்தாந்தம்.

இதற்கு அறுகே பிரபலமான சாட்சி. எதிர்வீட்டுக்காரர் கூலிக்கு ஆள் வைத்துத் தம் கொல்லையிலிருந்த அறுகம்புல்லை வேரோடு கொத்தி எடுத்துக் குப்பையில் சேர்த்த பிறகு, வெளியூரிலிருந்து பெர்முடா புல் விதையென்று ஒரு பொட்டலம் தருவித்து, அதே மண்ணில் பக்தியோடு தூவி, காலையும் மாலையும் நீர் வார்த்தார். பெர்முடா புல் என்று மேனாட்டார் அழைப்பதும் நம் விநாயகர் சூடும் அறுகும் தாவர நூலின்படி ஒன்றே. இவ்வுண்மையை அவரிடம் எடுத்துரைக்கும் தைரியம் எமக்கு இன்றளவும் உண்டாகவில்லை.

புல் எழுந்தது, உடன் தும்பையும் குப்பைமேனியும் நெருஞ்சியும் எழுந்தன. இரண்டாம் உலகப் போர் முடிந்த தறுவாயில் கடைக்கு வந்த 2,4-டி என்னும் மருந்து அப்பொழுது பிரவேசித்தது. செடியின் வளர்ச்சியை நடத்தும் ரசத்தைப்போல் வேஷம் தரித்து உட்புகுந்து, அகன்ற இலையுடையவற்றைக் கோணல்மாணலாக வளரவைத்தே மாய்த்துவிடும் இம்மருந்து, புல்லினத்தைப் பெரும்பாலும் தொடுவதில்லை. கோரையோ, மேலே கருகினாலும் கீழே கிழங்கை வைத்துக்கொண்டு, மறுமழையில் ஒன்றும் நடவாததுபோல் தலை நீட்டும். கோரையின் இக்குணத்தை யாம் வெளிப்படையாகவே மெச்சுகிறோம்.

இம்மருந்து பூச்சியையும் பறவையையும் ஒன்றும் செய்யாதென்று கடைக்காரர் சத்தியம் செய்தாராம். வாதத்துக்காக அதை ஒப்புக்கொள்வோம். ஆயினும், எருக்கிலையைத் தின்றே புழுப்பருவத்தைக் கழித்து, அதன் பாலிலுள்ள நஞ்சை உடலிற் சேமித்துக்கொண்டு, பறவைகள் தீண்ட அஞ்சும்படி நிதானமாகப் பறந்து திரியும் வெந்தய வரியன் என்னும் பட்டாம்பூச்சி, எருக்கில்லாத கொல்லையில் எங்கே முட்டையிடும்? ஆடுதின்னாப்பாளையை நம்பியுள்ள, சிவந்த உடலும் கரிய சிறகும் உடைய மற்றொன்று எங்கே போகும்? விருந்தினரை யாரும் அடிக்கவில்லை. அடுப்பை மட்டும் இடித்துவிட்டார்கள். தினந்தோறும் கூட்டமாக வந்து, ஊர்வம்பு பேசிக்கொண்டே சருகைப் புரட்டிப் பூச்சி பொறுக்கிய தவிட்டுக்குருவிகள், சருகே இல்லாத அப்பச்சைக் கம்பளத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, எம் பக்கத்துச் சுவரேறி வந்துவிட்டன. ஏழாவது பதார்த்தமாகிய அபாவம், அதாவது இன்மை, என்பதைத் தர்க்க நூல்களில் படித்து விளங்கிக்கொள்ள முடியாதிருந்த யாம், எதிர்வீட்டுக் கொல்லையைப் பார்த்தே அதை ஐயந்திரிபற அறிந்தோம்.

ரமணாசிரமத்தில் பசுவுக்கும் மானுக்கும் காகத்துக்கும் நாய்க்கும் சமாதி எழுப்பியிருக்கும் ஊர் இது. மொட்டையாய்க் கிடந்த மலையின் சரிவுகளில் பலர் ஆண்டுக்கணக்காக மரம் நட்டுக் காட்டை மீட்டுவரும் ஊரும் இதுவே. எனினும், மலையடிவாரத்தில் மதிற்சுவருக்குள் அடங்கிய அரை கிரவுண்டு நிலம் இந்த ஊரைச் சேர்ந்ததா என்பது தனி ஆராய்ச்சிக்குரிய விஷயமாகலின், அதை ஈண்டு விரிக்கவில்லை.

நிற்க. சென்ற சதுர்த்தியன்று காலையில் எதிர்வீட்டுப் பையன் வந்து, தங்கள் புல்லில் மருந்து தெளித்திருப்பதால் சுவாமிக்கு ஆகாதென்று அப்பா சொன்னதாகவும், எங்கள் கொல்லையிலிருந்து ஒரு பிடி அறுகும் கொஞ்சம் எருக்கம்பூவும் வேண்டுமென்றும் கேட்டான். பறித்துக் கொடுத்தனுப்பினோம்.