பிங்குக்கும் என்எஸ்லுக்அப்புக்கும் நிலவும் பகை: ஓர் ஆய்வு

சோலாரிஸ் 2.6 ஓடும் பழைய சன் பணிநிலையம் ஒன்றில், அடுத்த அறைக் கணினி உயிரோடிருக்கிறதா என்று அதன் பெயரைச் சொல்லி பிங் செய்தால் 'அன்னோன் ஹோஸ்ட்' என்று கைவிரிக்கிறது. அதே பெயரை என்எஸ்லுக்அப்பிடம் கேட்டால் ஐபி எண்ணைப் பிசகாமல் ஒப்பிக்கிறது. பெட்டி ஒன்று, பெயர் ஒன்று, பேச்சு இரண்டு. இம்முரணை ஆராய்வதே ஈண்டு நோக்கம். இதனால் உலகுக்கு என்ன பயன் என்று கேட்போர் இப்பத்தியோடு விடைபெறலாம்.

முதற்கண் வரலாறு. இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட் காலத்தில் இப்பகை இல்லை. கலிஃபோர்னியாவின் மென்லோ பார்க்கில் எலிசபெத் ஃபைன்லரின் குழு, கணினிகளின் பெயரும் எண்ணும் அடங்கிய ஹோஸ்ட்ஸ்.டிஎக்ஸ்டி என்ற ஒரே கோப்பைப் பராமரித்தது. வேண்டியவர்கள் அதை இறக்கிக்கொண்டார்கள். பட்டியல் பெருத்துக் கட்டுக்கடங்காமல் போகவே, அந்தப் பொறுப்பைப் பல சர்வர்களுக்குப் பிரித்துத் தரும் டிஎன்எஸ்ஸை 1983-இல் பால் மொக்கபெட்ரிஸ் வகுத்தார். சன் நிறுவனமும் தன் பங்குக்கு 'யெல்லோ பேஜஸ்' என்று ஒன்றைக் கொண்டுவந்தது. அப்பெயர் பிரிட்டிஷ் டெலிகாமின் வணிகச் சின்னமாயிருந்தபடியால் என்ஐஎஸ் என்று மாற்ற நேர்ந்தது. பெயர் தேடித் தரும் சேவைக்கே பெயர்த் தகராறு! வைபிகேட், வைபிவிச் முதலிய கட்டளைகளோ, கல்யாணத்துக்குப் பிறகும் அப்பா இனிஷியலை விடாத பெண்களைப் போலப் பழைய எழுத்துகளோடேயே உலவின.

ஆக, ஒரு பெயருக்கு விடை மூன்று இடங்களில் கிடைக்கலாம்: உள்ளூர் ஹோஸ்ட்ஸ் கோப்பு, என்ஐஎஸ், டிஎன்எஸ். யாரை எந்த வரிசையில் கேட்பது என்பதை என்எஸ்ஸ்விட்ச்.கான்ஃப் என்னும் கோப்பு விதிக்கும். பிங், டெல்நெட், எஃப்டிபி மூன்றும் இவ்விதிக்குக் கட்டுப்பட்டவை. என்எஸ்லுக்அப் கட்டுப்படாது; நேரே டிஎன்எஸ் சர்வரின் வாசலில் போய் நிற்கும். ஆகவே அதன் சாட்சியம், சர்வர் உயிரோடிருக்கிறது என்பதை மட்டுமே நிறுவும். கணினி அந்தச் சர்வரைக் கேட்கிறதா என்பது வேறு வழக்கு. 'என்எஸ்லுக்அப்ல வருதே சார்!' என்று வாதிடுவோர் இவ்விரண்டையும் குழப்புகிறார்கள்.

கோப்பைத் திறந்தால் குட்டு வெளிப்படும். சிஸ்டத்தை நிறுவியவர் 'நேம் சர்வீஸ் எதுவும் வேண்டாம்' என்று சொல்லியிருந்தால், அதில் 'ஹோஸ்ட்ஸ்: ஃபைல்ஸ்' என்றொரு வரி இருக்கும். அதாவது, டிஎன்எஸ் என்று ஒன்று இருக்கும் சேதியே பிங்குக்கு எட்டவில்லை. ரிசால்வ்.கான்ஃப் என்னும் இன்னொரு கோப்பில் டிஎன்எஸ் சர்வரின் முகவரியை எவ்வளவு அழகாக எழுதியிருந்தும் பயனில்லை. 'ஃபைல்ஸ்' என்பதை அடுத்து ஓர் இடம் விட்டு 'டிஎன்எஸ்' என்று சேர்த்தால் தீர்ந்தது. என்ஐஎஸ் ஆண்ட இடங்களில் சதுர அடைப்புக்குள் 'நாட்ஃபவுண்ட்=ரிட்டர்ன்' என்றும் காணப்படும். என்ஐஎஸ் 'இல்லை' என்று சொல்லிவிட்டால் வரிசையில் அடுத்து நிற்பவரைக் கேட்கக் கூடாது என்பது பொருள். மேல்முறையீடு கிடையாது.

திருத்தியும் பலிக்கவில்லையே எனின், ஈண்டு அறிஞர்கள் இரண்டு கட்சி. பெட்டியையே ரீபூட் செய் என்பர் ஒரு சாரார். பொறு என்பர் மறுசாரார். உண்மை யாதெனில், ஒவ்வொரு புரோகிராமும் அக்கோப்பை ஒரே ஒருமுறைதான் படிக்கும். முன்பே ஓடிக்கொண்டிருப்பது பழைய வரிசையையே கட்டிக்கொண்டு அழும். போதாக்குறைக்கு என்எஸ்சிடி என்னும் பின்னணி ஊழியர், ஒருமுறை கிடைத்த முகவரியை 3,600 விநாடி மடியில் முடிந்துவைத்திருப்பார். அவரை நிறுத்திக் கிளப்பி, அடம்பிடிக்கும் புரோகிராமையும் மூடித் திறந்தால் போதும். ரீபூட்காரர்கள் காரணம் அறியாமலே சரியான பலனை அடைகிறார்கள். ஆய்வுலகில் இது புதிதன்று.

விடை வருகிறது, ஆனால் ஆடி அசைந்து வருகிறது என்றால் ரிசால்வ்.கான்ஃபின் முதல் சர்வர் செத்திருக்கும். கணினி 5 விநாடி காத்துப் பார்த்த பிறகே அடுத்தவரிடம் போகும். மூன்று பேருக்குத்தான் இடம். நான்காவதாக எழுதியவரை யாரும் படிப்பதில்லை.

இறுதியாக ஒரு விபரீதம். அக்கால என்எஸ்லுக்அப், வேலையைத் தொடங்குமுன் சர்வரின் எண்ணைக் கொடுத்து அந்தச் சர்வரின் பெயரை அதனிடமே விசாரிக்கும். பெயர் கிடைக்காவிட்டால், அந்தச் சர்வர் மற்றெல்லாக் கேள்விக்கும் விடை சொல்லத் தயாராயிருந்தாலும், 'சர்வர் பெயர் தெரியவில்லை' என்று மூட்டை கட்டிவிடும். அப்போது பிங் ஓடும், என்எஸ்லுக்அப் ஓடாது. மருந்து, எண்ணைக் கொடுத்தால் பெயர் சொல்லும் பிடிஆர் பதிவு ஒன்றை அந்த எண்ணுக்குப் போடுவது. போட வேண்டியவர் வேறு துறைக்காரர். வேறு கட்டடத்தில் இருப்பார்.