இழுக்கற சக்கரத்து மேல எதுக்குப் பழி?

பிரேக்கு மேல கால வெச்சா வண்டி இடது பக்கம் ஓடுதுன்னு வில்லியனூர்லயிருந்து பாகூர் வரைக்கும் ஒரு ஆளு வுடாம சொல்லிட்டியாமே மருமவனே. நல்ல காரியம். டீக்கடையில கண்ணு பட்டுடுச்சின்னாங்க, நீயும் எலுமிச்சம்பழமும் பச்ச மொளகாயும் கோத்து முன்னால கட்டிட்டே. டயரு கடையில அலைன்மெண்டுன்னாங்க, செவப்பும் பச்சையுமா ஒரு சீட்டு அடிச்சிக் குடுத்தாங்க, காசக் குடுத்து வாங்கி மடிச்சி வெச்சிக்கிட்டே. இப்ப வேற போக்கிடம் இல்லாம, லிங்காரெட்டிப்பாளையம் சக்கர ஆலைக்குக் கரும்பு லோடு அடிச்ச கெழவன்கிட்ட வந்து நிக்கறே. வா, குந்து. நான் சீட்டெல்லாம் அடிச்சிக் குடுக்க மாட்டேன்.

சும்மா ஓடும்போதே இழுக்குதா, பிரேக்கு அடிச்சா மட்டும் இழுக்குதா? இத உங்கிட்ட யாராவது கேட்டாங்களா? கேக்க மாட்டாங்க, கேட்டா வேல கொறஞ்சிபூடும். எப்பவுமே இழுத்தா டயர்ல காத்தப் பாரு, தேய்மானத்தப் பாரு, அப்புறம் அலைன்மெண்டு. மிதிச்சா மட்டும் இழுக்குதுன்னா அந்தச் சீட்டால பல்லு குத்தக்கூட ஆவாது. குத்தம் பிரேக்குல இருக்கும், இல்ல கீழ லோயர் ஆர்ம் புஷ்ஷுல இருக்கும்.

அதுக்கும் முன்னாடி, நீ எந்த ரோட்ல மிதிச்சிப் பாத்தே? கரிக்கலாம்பாக்கம் ரோட்லயா? அறுப்புக் காலத்துல பாதி ரோட்ட நெல்லும் வைக்கோலும் காயவெக்க எடுத்துக்கிறோம். இடது சக்கரம் வைக்கோல் மேல, வலது சக்கரம் தாரு மேல. அப்ப மிதிச்சா தாரு மேல இருக்கறது கப்புனு புடிக்கும், வைக்கோல் மேல இருக்கறது வழுக்கும், வண்டி வலது பக்கம் திரும்பும். அதுக்கு வண்டி என்னா பண்ணும்? இன்னொண்ணு, நம்ம ரோடு நடுவுல மேடு, ரெண்டு ஓரமும் சரிவு, மழத்தண்ணி வடியறதுக்காவ. இடது ஓரமா போறவன் கைய வுட்டா கொஞ்சம் இடதுலதான் சாயும். வெடியக்காலையில, ஆளில்லாத சமமான எடத்துல, முப்பது நாப்பது வேகத்துல, ஸ்டியரிங்க லேசாப் புடிச்சிக்கிட்டு மிதிச்சிப் பாரு. அப்பவும் இடதுல போச்சுன்னா நோவு நெசம்.

இப்ப நீ இடது சக்கரத்தக் கழட்டப் பாப்பே. இழுக்கற பக்கம்தானே குத்தவாளி? நம்ம ஊரு பஞ்சாயத்தே அப்படித்தானே நடக்குது, எவன் அசையறானோ அவனப் புடிச்சிக் கட்டு!

நம்ம வில்லியனூர் திருக்காமீஸ்வரர் தேரு எத்தினி வருசமாப் பாக்கறே? பிரெஞ்சுக்காரன் காலத்துலயிருந்து கவர்னரு வந்து வடம் புடிச்சித் தொடங்கி வெக்கற தேரு. இப்பவும் கவர்னரும் முதலமைச்சரும் வடத்தத் தொட்டு, போட்டோ புடிச்சதும் கெளம்பிடறாங்க. தேரத் திருப்பறது யாரு? கீழ சக்கரத்தாண்ட முட்டுக்கட்டையோட குனிஞ்சி ஓடறானே, அவன். இடது பக்கம் திரும்பணும்னா இடது சக்கரத்துக்குக் கட்டையக் குடுப்பான். அது மடங்கி நிக்கும், வலது சக்கரம் சுத்திக்கிட்டு முன்னால வரும், தேரு இடதுல திரும்பும். திருவாரூர் ஆழித்தேருக்குத் திருச்சி பெல் கம்பெனிக்காரங்க இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் போட்டுக் குடுத்துட்டாங்க. அங்கயும் முட்டுக்கட்டைக்காரன் வேல போவல.

உன் வண்டியும் அதே கணக்குதான். எந்தப் பக்கம் நல்லாப் புடிக்குதோ அந்தப் பக்கம் இழுக்கும். இடதுல இழுக்குதுன்னா, பல வேளையில இடது பிரேக்கு ஒழுங்கா வேல செய்யுது, வலது பிரேக்கு சம்பளம் வாங்கிக்கிட்டு சும்மா குந்தியிருக்குதுன்னு அர்த்தம். நீ போயி வேல செய்யறவனக் கழட்டி எமரி சீட்டு போட்டுத் தேய்க்கறே.

இடது பக்கமே குத்தவாளியாவும் இருக்கலாம், அது வேற கத. மிதிச்சப்ப புடிச்சது, கால எடுத்தப்புறமும் வுடாம ஒரசிக்கிட்டே வரும். ரெண்டையும் பிரிக்கறதுக்குச் சூடு பாரு. கொஞ்ச தூரம் ஓட்டி, நாலஞ்சி தடவ பிரேக்கு அடிச்சி நிறுத்திட்டு எறங்கி, முன் சக்கரம் ரெண்டுத்தாண்டயும் கையக் கொண்டு போ. கிட்ட கொண்டு போன்னுதான் சொன்னேன், டிஸ்கத் தொடாத. தொட்டேன்னா ரேகையே இருக்காது, அப்புறம் ரேகை பாக்கற மிசினு எதுவும் உன்ன நம்பாது. இடது அனலடிச்சி கருகின வாட வந்தா, அது வுட மாட்டேங்குது. இடது எப்பவும்போல இருந்து வலது சில்லுன்னு இருந்தா, வலது புடிக்கவே இல்ல.

புடிக்காததுக்குக் காரணம் பெரும்பாலும் பேட டிஸ்க் மேல அமுக்கற கேலிப்பர்தான். அது நழுவி ஓடற பின்னு ரெண்டு இருக்கும், துரு ஏறி இறுகிக்கும். இல்ல பிஸ்டனு உள்ள மாட்டிக்கும். ஃபெஞ்சல் புயலு 2024 நவம்பர் 30 ராத்திரி நம்ம பக்கம் கரை ஏறுச்சே, அப்புறம் சாத்தனூர் அணைத் தண்ணி தென்பெண்ணையில வந்து பாகூர்ப் பக்கம் பூந்துதே, அப்ப உன் வண்டி எங்க நின்னுச்சி? தண்ணியில. வடிஞ்சதும் என்னா பண்ணே? சீட்ட வெயில்ல காயவெச்சே, செண்டு வாங்கி அடிச்சே. சக்கரத்துக்குள்ள எட்டிப் பாத்தியா? பிரேக் ஆயிலே காத்துல இருக்கற ஈரத்த உறிஞ்சற சரக்கு. ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா மாத்தணும்பாங்க. உன் வண்டியில கலியாணத்துக்கு முன்னாடி ஊத்தினதே இன்னும் இருக்குது, டீத்தூள் கலர்ல.

வுடாத சக்கரத்துக்கு ஒரு சோதன சொல்றேன், கவனமாக் கேளு. பின் சக்கரத்துக்குக் கல்லு குடு, கியர நியூட்ரல்ல போடு, ஜாக்கி ஏத்தி கீழ ஸ்டாண்டு வை. செங்கல் வெக்காத, அது நொறுங்கினா என் தங்கச்சிக்கு நான் பதில் சொல்லணும். உள்ள ஒருத்தன் பெடல மிதிச்சி வுடட்டும். வுட்டப்புறம் சக்கரத்தக் கையால சுத்து. இறுகி நின்னா, கேலிப்பர்ல இருக்கற நிப்பிள ரிங்கு ஸ்பேனர்ல லேசா வுடு. ஆயில் சொர்ருன்னு பீச்சி, சக்கரம் சுதந்திரமா சுத்துச்சின்னா பிஸ்டன் மேல பழி இல்ல. அழுத்தம் திரும்பிப் போவ வழியில்லாம நிக்குது, பாதிக்கு மேல ரப்பர் ஹோஸுதான் காரணம். வெளிய புதுசாட்டம் இருக்கும், உள்ள வீங்கி அடச்சிக்கும். நிப்பிளத் தொறந்தும் சுத்தலன்னா பிஸ்டனோ பின்னோ ஜாம். கிட்டு மாத்தி, பின்னத் தொடச்சி, பிரேக்குக்குன்னு விக்கற கிரீஸு போடு. டிராக்டருக்குப் போடறத எடுத்து அப்பாத, ரப்பர் ஊதிப்பூடும். கழட்டின கேலிப்பர ஹோஸுல தொங்கவுடாத, ஒரு கம்பியால கட்டி வை. எல்லாம் முடிஞ்சதும் பிரேக்கு லைன்ல பூந்த ஏர எடுக்கணும்.

அடுத்தது உன் சிக்கனம். போன வருசம் ஒரு பக்கத்துக்கு மட்டும் பேடு மாத்தி, மிச்சம் புடிச்சத எங்கிட்டயே பெருமையாச் சொன்னியே! ஒரு பக்கம் புதுசு, ஒரு பக்கம் பழசுன்னா ரெண்டும் எப்படி ஒரே மாதிரி புடிக்கும்? பேடு ஜோடியாத்தான் மாத்தணும். ஆயிலோ கிரீஸோ ஊறின பேடையும் தொடச்சி மாட்டாத, தூக்கிப் போடு. பேடு தேஞ்சி படிஞ்ச தூள வாயால ஊதவும் ஊதாத.

பிரேக்கு ரெண்டு பக்கமும் சரியாயிருந்து, மிதிக்கறப்ப கீழ டொக்குன்னு ஒரு சத்தம் வந்தா, புஷ்ஷு கிழிஞ்சிருக்கும், இல்ல பால் ஜாயிண்டு ஆடும். பிரேக்கு அடிச்சா சக்கரம் எடம் நகந்து தானாத் திரும்பிக்கும்.

ஒண்ணுக்கு மட்டும் நான் வெளயாட மாட்டேன். பெடலு திடீர்னு ஆழமா எறங்குது, கூடவே ஒரு பக்கம் இழுக்குதுன்னா எங்கயோ ஆயிலு ஒழுகுது. இப்ப வர்ற காருல முக்காவாசிக்கு, ஒரு முன் சக்கரத்துக்கும் குறுக்கால இருக்கற பின் சக்கரத்துக்கும் ஒரு லைனு, மிச்சம் ரெண்டுக்கும் இன்னொண்ணு. ஒரு லைனு போனா பாதி பிரேக்குதான். அன்னிக்கு வண்டிய ஓட்டிக்கிட்டுப் போவாத, மெக்கானிக்க இங்க கூப்புடு.

பேடு மாத்தினதும் பெடல நாலஞ்சி தடவ மிதிச்சி கெட்டியாக்கிட்டு அப்புறமா வண்டிய எடு. மறந்து எடுத்தேன்னா மொத மிதிக்கு கால் தரையத் தொடும். அப்ப வண்டி இடதுலயும் இழுக்காது, வலதுலயும் இழுக்காது, நேரா வந்து நான் குந்தியிருக்கற திண்ணையிலதான் நிக்கும்.