‘ஒண்ணும் பண்ணாது சார்’: ஒரு நூற்பாவும் அதன் உரையும்

சென்னை கொளத்தூரில் வண்ணமீன் விற்கும் கடைகளில் வாய்மொழியாக வழங்கிவரும் நூற்பா ஒன்று உண்டு. ‘ஒண்ணும் பண்ணாது சார்’ என்பது அது. மூன்றே சொல். ஆசிரியர் பெயர் தெரியவில்லை. ‘மேடம்’ என்று முடியும் பாடபேதமும் உண்டு. இந்த மீனோடு அந்த மீனை விடலாமா என்று எவர் கேட்டாலும், எந்த மீனைக் காட்டிக் கேட்டாலும், விடை இதுவே. இத்தனை பேர் நம்பிய ஒரு நூற்பா உரையின்றிக் கிடப்பது தமிழுக்கு அழகன்று எனக் கருதி இம்முயற்சி.

ஆய்வுக்களம் எங்கள் வீட்டுக் கூடத்தில் டிவிக்குப் பக்கத்தில் உள்ள தொட்டி. 2 அடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம். கணக்குப்படி 56 லிட்டர். கூழாங்கல்லும் மேலே விட்ட இடமும் போக 45 தேறினால் அதிகம். அதில் விட்டவை நியான் டெட்ரா 10, எட்டணா அகலத்தில் ஏஞ்சல் 2, டைகர் பார்ப் 3, சக்கர் 1. ஆக்சிஜன் அடித்து ரப்பர் பேண்டு போட்ட கவர்களை அப்படியே கால்மணி நேரம் தொட்டியில் மிதக்கவிட்டு, சூடு சமமானபின் திறந்தேன். அதுவரை எல்லாம் முறைப்படிதான் நடந்தது.

இனி உரை. ‘ஒண்ணும்’ என்பதிலுள்ள உம்மை முற்றும்மை. எதிர்மறையோடு வரும்போது முற்றும்மை எச்சப்பொருளும் தரும் என்பது இலக்கணத்தார் கொள்கை. ‘பத்தும் கொடேன்’ என்றவன் ஒன்பது கொடுக்கலாம். அவ்வாறே ஒண்ணும் பண்ணாத மீன் சிலது பண்ணலாம். டைகர் பார்ப் இதற்குச் சான்று. அது யாரையும் கொல்லவில்லை. ஏஞ்சலின் வயிற்றுக்குக் கீழே நூல்போல் தொங்கும் துடுப்பை மட்டும் தினமும் கொஞ்சம் கத்தரித்தது. ஒரு வாரத்தில் இரண்டு ஏஞ்சலும் மொட்டையாகி மூலையில் ஒதுங்கின, ஒன்று பிழைக்கவில்லை. மூன்று பார்ப் வாங்கியதே பிழை என்று பிற்பாடு தெளிந்தது. ஆறுக்குக் குறையாமல் விட்டால் அவை தமக்குள்ளேயே துரத்தி அடித்துக்கொண்டு பிறரை ஓரளவு மறக்கும். அப்போதும் நீளத் துடுப்புக்காரர் பக்கத்தில் இருக்கக் கூடாது. எங்கள் தெருவில் அண்ணன் தம்பி ஆறு பேர் ஒன்றாய் வாழும் வீட்டை இங்கு நினைவுகூர்க, பெயர் வேண்டா.

அடுத்து ‘பண்ணாது’. பண்ணு பகுதி, ஆ எதிர்மறை இடைநிலை, து விகுதி. காலம் காட்டும் இடைநிலை இல்லை. நூற்பாவின் சூட்சுமம் இங்கேதான் இருக்கிறது. இன்று பண்ணாதா, தீபாவளி கழிந்தும் பண்ணாதா? ஆசிரியர் சொல்லவில்லை. எட்டணா ஏஞ்சல் உள்ளங்கை அளவுக்கு வளரும். நியான் ஒன்றேகால் அங்குலத்தோடு நின்றுவிடும், அதிலும் ஒல்லி. பார்ப்களைக் கடைக்கே திருப்பிக் கொடுத்தபின் ஐந்தாறு மாதம் அமைதி. பிறகு நியான் எட்டு ஆயிற்று, ஐந்து ஆயிற்று. சடலம் ஒன்றும் அகப்படவில்லை. ஃபில்டரைக் கழற்றினோம், தொட்டிக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பார்த்தோம். வீட்டில் சக்கர்மீது சந்தேகம் விழுந்தது, கறுப்பாக இருப்பதால். ஒருநாள் விடிகாலையில் விளக்கைப் போட்டேன். ஏஞ்சலின் வாயோரம் ஒரு நீலக்கோடு மின்னிக்கொண்டிருந்தது. இரண்டுமே அமேசான் நதிக்காரர்கள்தானே என்று மறுப்போர் உளர். பாம்புக்கும் தவளைக்கும்கூட ஒரே வயல்தான்.

மூன்றாவது ஐயம், எழுவாய் எங்கே? எது, எதைப் பண்ணாது? இரண்டும் தொக்கு நிற்கின்றன. ஆண் ஃபைட்டரைக் கப்பிகளோடு விட்டால், வால் நீண்ட கப்பியைப் பங்காளி என்று நினைத்துப் பாயக்கூடும். அதே ஃபைட்டரை டைகர் பார்போடு விட்டால் போவது ஃபைட்டரின் வால். ஒரே மீன், ஒரு தொட்டியில் எழுவாய், மறு தொட்டியில் செயப்படுபொருள்.

தண்ணீர் பற்றி நூற்பா வாய் திறக்கவில்லை. எங்கள் போர் தண்ணீரைக் காய்ச்சினால் பாத்திரத்தின் அடியில் வெள்ளை பூக்கும். அவ்வளவு கடினநீர். கப்பி, மோலி, ப்ளாட்டி இதில் குடும்பம் பெருக்கும். ஆணுக்கு இரண்டு மூன்று பெண் விட்டால் போதும், பெண்களுக்குத் துரத்தல் குறையும். நியானுக்கோ மென்னீர், கொஞ்சம் அமிலப் பாங்கோடு வேண்டும். ஆக, என் நியான்களை ஏஞ்சல் தின்றிராவிட்டால் தண்ணீர் தின்றிருக்கும். கப்பி பெற்ற குஞ்சைத் தானே தின்னும் என்பதையும் சேர்த்துக்கொள்க. தாய்க்கே பொருந்தாத நூற்பா இது.

‘சார்’ விளி. உரை வேண்டா.

எஞ்சியது சக்கர். அழுக்கைத் தின்னும் என்று சொல்லி 2 அங்குலத்தில் விற்கிறார்கள். அது ஓரடியைத் தாண்டும். அலுத்துப்போனவர்கள் ஏரியில் கொண்டுபோய் விட, தென் அமெரிக்க மீன் இப்போது தமிழ்நாட்டு மீனவர் வலையில் மாட்டி, முள்ளால் வலையைக் கிழிக்கிறது. ஏரியில் மட்டும் விடாதீர்கள்.

ஆய்வு முடிந்தபடியால் ஏஞ்சல் ஒன்று இலவசமாகக் கொடுக்கப்படும். தொட்டியில் நியான் இல்லாதவர்கள் பக்கெட்டோடு வரவும்.