மூடி திறந்த பதில்கள்

கேஸ் கிரில்லைப் பற்றவைக்கும்போது மூடி திறந்தே இருக்கணுமாமே, ஏன்? (ஸ்கார்பரோ வாசகர்)

புருவம் இரண்டும் பத்திரமாக இருக்கத்தான்! மூடிய கிரில்லுக்குள் கேஸ் சேர்ந்த பிறகு பொறி விழுந்தால், மூடி தானாகவே திறந்துகொள்ளும். பற்றவில்லை என்றால் கேஸை அடைத்துவிட்டு ஐந்து நிமிடம் பொறுங்கள்.

டொராண்டோவில் மைனஸ் 20 குளிர். சிலிண்டரிலிருந்து கேஸ் வருமா?

கேஸ் வரும், வெளியே நின்று சுட ஆள் வருமா? புரொப்பேன் மைனஸ் 42 டிகிரியிலேயே கொதித்துவிடும். பியூட்டேனுக்கு அந்தத் தெம்பு கிடையாது. பூஜ்யத்தைத் தாண்டிக் கீழே இறங்கியதுமே படுத்துவிடும். ஒன்று: குளிருக்குப் பயந்து கிரில்லை கராஜுக்குள் தள்ளாதீர்கள். அங்கே சேரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை.

கேஸ் கசிகிறதா என்று தீக்குச்சி உரசிப் பார்க்கலாமா?

பார்க்கலாம். முடிவை எங்களுக்கு எழுதப்போவது யார்? இணைப்புகளில் சோப்புத் தண்ணீரைத் தடவி வால்வைத் திறங்கள். குமிழி ஊதினால் கசிவு.

நான் சுடும் கோழிக்கால் வெளியே கரி, உள்ளே பச்சை. மனைவி சிரிக்கிறார்!

சிரிப்பதோடு விட்டாரே! ஒரு பக்க பர்னரை அணைத்து, கோழியை அந்தப் பக்கம் வைத்து மூடுங்கள். எலும்பில் படாமல் தெர்மாமீட்டரைக் குத்தினால் 74 டிகிரி செல்சியஸ் காட்ட வேண்டும்.

கம்பி பிரஷ்ஷால் கிரில்லைத் தேய்த்தேன். என்ன பளபளப்பு!

பிரஷ்ஷில் கம்பி குறைந்திருக்கிறதா, பார்த்தீர்களா? உதிர்ந்த கம்பி கறியோடு போய்த் தொண்டையில் குத்தி, ஆபரேஷன் வரை போனவர்கள் உண்டு. ஈரத்துணியால் ஒருமுறை துடைத்துவிடுங்கள்.