இருண்டது திரையா, விளக்கா?

பரணிலிருந்து இறங்கிய பழைய லேப்டாப்புகளைப் பற்றியே இம்முறை கேள்விகள். அதிலும் எல்லாமே திரைப் புகார்.

கேள்வி: 2003-ல் வாங்கிய லேப்டாப். ஆன் செய்தால் விண்டோஸ் இசைகூடக் கேட்கிறது. திரை மட்டும் கும்மிருட்டு. எடைக்குப் போட்டுவிடலாமா?

பதில்: பாட்டு கேட்கும்போது எடைக்கடைக்கு என்ன அவசரம்? முதலில் ஒரு டார்ச். அறை விளக்கை அணைத்துவிட்டு, திரையின் மேல் டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பார்க்க வேண்டும். ஐகான்கள் மங்கலாகத் தெரிந்தால் படம் சுகமாக இருக்கிறது, விளக்குதான் படுத்திருக்கிறது என்று அர்த்தம். எல்சிடி தானாக ஒளிர்வதில்லை. பின்னாலிருந்து வரும் வெளிச்சத்தை விடுவதும் தடுப்பதும்தான் அதன் வேலை.

அந்தக் காலத்து லேப்டாப்பில் வெளிச்சம் கொடுத்தது இரண்டு மில்லிமீட்டர் தடிமனே உள்ள சிசிஎஃப்எல் குழல். வீட்டு டியூப்லைட்டுக்கு ஒன்றுவிட்ட தம்பி. அதை எரியவைக்க இன்வெர்ட்டர் என்ற சிறு பலகை இருக்கும். (கரன்ட் போனால் ஃபேனைச் சுற்றவைக்கிற இன்வெர்ட்டர் வேறு.) குழல் பற்றிக்கொள்ள ஆயிரம் வோல்ட் அளவுக்கு வேண்டும், பற்றிய பிறகு சில நூறு போதும். அதனால் சார்ஜரையும் பேட்டரியையும் கழற்றாமல் அந்தப் பக்கம் விரல் போகக் கூடாது. குழலை உடைக்கவும் கூடாது, உள்ளே கொஞ்சம் பாதரசம் உண்டு.

பழுது குழலிலா, இன்வெர்ட்டரிலா? ஆன் செய்ததும் திரை ரோஸ் நிறத்தில் விழித்து மெல்ல மெல்ல வெளுத்தால், குழலுக்கு வயதாகிவிட்டது. இரண்டும் குற்றவாளி இல்லாமல் போவதும் உண்டு. மூடியை மூடினால் விளக்கை அணைக்க, கீலுக்குப் பக்கத்தில் ஒரு குட்டிப் பொத்தானோ காந்த ஸ்விட்சோ வைத்திருப்பார்கள். அழுக்கேறி அது அழுந்தியபடியே நின்றுவிட்டால், திறந்து கிடக்கும் லேப்டாப் தன்னை மூடிவிட்டதாகவே நம்பிக்கொண்டிருக்கும். காசு செலவில்லாத ரிப்பேர் இது. பெரும்பாலோர் கடைசியில் பார்ப்பதும் இதைத்தான்.

கேள்வி: திரை முழுக்கக் கட்டம் கட்டமாகச் சிதறல். மதர்போர்டை ஓவனில் வைத்து எடுத்தால் சரியாகிவிடும் என்கிறார்களே?

பதில்: கேக் சுடுவதற்கு முன் வெளி மானிட்டர் ஒன்றை மாட்டிப் பார்க்கலாம். அதில் படம் தெளிவாக வந்தால், கேபிளோ திரையோதான் கெட்டது. கீல் வழியாக ஓடும் கேபிள், வருடக்கணக்கில் மடங்கி நிமிர்ந்து நைந்துபோவது சகஜம். மூடியை அசைக்கும்போது படம் வந்து வந்து போனால் சந்தேகமே வேண்டாம். வெளி மானிட்டரிலும் அதே சிதறல் என்றால் கிராஃபிக்ஸ் சிப்பின் கைவரிசை.

இந்த நோயில் பெரிய வீட்டுப் பிள்ளைகளும் விழுந்திருக்கிறார்கள். சில ஐபுக் மாடல்களுக்கு மதர்போர்டை இலவசமாகச் சரிசெய்து தருவதாக 2004 ஜனவரியில் ஆப்பிளே அறிவித்தது. 2008 ஜூலையில் என்விடியா, லேப்டாப் சிப்கள் சில அதிகமாகப் பழுதாவதைச் சொல்லி 15 முதல் 20 கோடி டாலர் வரை ஒதுக்குவதாக அறிவித்தது. சூடாகி ஆறி, மறுபடி சூடாகி ஆறி, உள்ளே இணைப்புகள் விட்டுப்போவதே காரணம். ஓவன் சூட்டில் அவை தற்காலிகமாக ஒட்டிக்கொள்ளலாம். சில நாளோ சில வாரமோ ஓடும். அதற்குப் பிறகு அந்த ஓவனில் யாருக்கும் சாப்பாடு செய்யாமலிருப்பது நல்லது.

கேள்வி: 1990-களின் கறுப்பு வெள்ளை லேப்டாப். திரை ஓரத்தில் கறை, குமிழ்கள். பக்கத்தில் போனால் வினிகர் வாசனை. யாராவது ஊறுகாய் கொட்டியிருப்பார்களோ?

பதில்: யாரையும் திட்ட வேண்டாம், வினிகரைத் திரையே தயாரிக்கிறது. எல்சிடியின் முன்னும் பின்னும் போலரைசர் என்ற மெல்லிய படலம் ஒட்டியிருக்கும். அதன் காப்புறை செல்லுலோஸ் ட்ரைஅசிடேட். வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் அது சிதைந்து அசிட்டிக் அமிலத்தைக் கக்கும். கக்கிய அமிலம் சிதைவை இன்னும் விரட்டும். பழைய சினிமா ஃபிலிம் சுருள்கள் வினிகர் நாற்றத்தோடு சுருண்டு சாவதும் இதே ரசாயனத்தால்தான். பாதிக்கப்பட்டதை மற்ற பழசுகளோடு ஒரே பெட்டியில் பூட்டி வைக்கக் கூடாது.

வைத்தியம் உண்டு, பொறுமை வேண்டும். படலத்தை மெல்ல உரித்து, கண்ணாடி கீறாமல் பசையை நீக்கி, புதுப் போலரைசர் தாளை வெட்டி ஒட்ட வேண்டும். மேல் படலத்தை உரித்ததும் படம் மாயமாகிவிடும், பதற வேண்டியதில்லை. போலரைஸ்டு கூலிங் கிளாஸ் போட்டுப் பார்த்தால் எல்லாம் அப்படியே இருக்கும். புதுத் தாளை எந்தக் கோணத்தில் ஒட்டுகிறோம் என்பதில்தான் சூட்சுமம். 90 டிகிரி பிசகினால் கறுப்பு வெள்ளையாகவும் வெள்ளை கறுப்பாகவும் தெரியும். ஒட்டுவதற்கு முன் திரையை ஓடவிட்டுத் தாளைச் சுழற்றிப் பார்ப்பது புத்திசாலித்தனம்.

கேள்வி: அதே காலத்து இன்னொரு லேப்டாப்பில் மவுஸ் அம்பு நகர்ந்தால் காணாமல் போகிறது.

பதில்: அது பேசிவ் மேட்ரிக்ஸ் திரை. மெதுவாகத்தான் மாறும், பிறவிக் குணம், பழுதல்ல. விண்டோஸ் 3.1-இல் அம்புக்கு வால் முளைக்கவைக்கும் ‘மவுஸ் டிரெயில்ஸ்’ இதற்காகத்தான்.

கேள்வி: டாஸ் விளையாட்டைப் போட்டால் திரை நடுவே சின்னக் கட்டத்தில் ஓடுகிறது. சுற்றிலும் கறுப்பு.

பதில்: திரையில் 1024×768 புள்ளிகள், விளையாட்டு கேட்பதோ 640×480 மட்டும். பயாஸில் படத்தை விரிக்கும் வசதி இருக்கிறதா என்று தேடலாம். விரித்தால் எழுத்தெல்லாம் கொழகொழவென்று ஆகும். கறுப்புச் சட்டமே தேவலை.

கேள்வி: 1985-ஆம் வருடத்து தோஷிபா டி1100. டார்ச் அடித்தால் எழுத்து தெரிகிறது. பேக்லைட்டைத் தேடி மொத்தத்தையும் கழற்றியாயிற்று, குழலையும் காணோம், இன்வெர்ட்டரையும் காணோம். யாராவது திருடியிருப்பார்களா?

பதில்: திருட ஏதாவது இருந்தால்தானே! டி1100 பேக்லைட்டே இல்லாமல் வந்த மாடல். 1989-ல் வந்த மேகின்டாஷ் போர்ட்டபிளுக்கும் ஆரம்பத்தில் அது கிடையாது, 1991-ல்தான் சேர்த்தார்கள். கழற்றிய திருகுகளையெல்லாம் திரும்ப மாட்டிவிட்டு, ஜன்னலோரமாக வைத்துக் கான்ட்ராஸ்ட்டை மெல்லக் கூட்டிப் பார்க்கலாம். இரவில் வேலை செய்ய மேஜை விளக்கு ஒன்று தேவைப்படும்.