சேலையைப் பாத்து ஏமாறாத பேராண்டி

வாலே பேராண்டி! மூணு புது வண்ணத்துப்பூச்சி கண்டுபிடிச்சதா ஊரெல்லாம் தம்பட்டம் அடிச்சியாமே? படத்தைக் காட்டு, பாப்பம். அட கிறுக்கா, மூணுமே நம்ம கொல்லைக் கறிவேப்பிலையில முட்டை வைக்கிற காமன் மார்மன்லே. ஒரே குடும்பத்துக்கு மூணு ரேஷன் கார்டு வாங்குனவன் மாதிரில்ல நிக்க!

சரி, வெக்கப்படாத. உலகத்து உசுருக்கெல்லாம் பேரு வச்ச லின்னேயஸே 1758ல இந்த ஜாதியில ஆணுக்கு ஒரு பேரும் பொண்ணுக்கு வேற பேரும் வச்சுட்டுப் போயிட்டாரு. மலேயாத் தீவெல்லாம் சுத்துன வாலஸ் 1865ல எழுதுன பிறவுதான் அந்தப் பஞ்சாயத்து தெளிஞ்சுது. லின்னேயஸே தடுமாறுன எடத்துல நீ எந்த மட்டு?

ஆம்பளைக்கு எப்பவும் ஒரே உடுப்புதான். கறுப்பு, பின்றெக்கையில வெள்ளைப் பட்டை. பொண்ணுக்குத்தான் மூணு தினுசு சேலை. ஒருத்தி புருசனை மாதிரியே இருப்பா. இன்னொருத்தி காமன் ரோஸ்ங்கற வேற வண்ணத்துப்பூச்சி மாதிரி, மூணாமத்தவ கிரிம்சன் ரோஸ் மாதிரி. அந்த ரோசுக ரெண்டும் புழுவா இருக்கையில ஆடுதின்னாப்பாளையைத் தின்னு விசம் சேத்து வச்சது. குருவி வாய் வைக்க யோசிக்கும். நம்மாளு கறிவேப்பிலை தின்னு வளந்தவ. விசமும் இல்ல, வெக்கமும் இல்ல, சேலையை மட்டும் இரவல் வாங்கிக்கிட்டா. ஆனா உடம்பை எங்க ஒளிப்பா? ரோசுகளுக்கு உடம்பு செவப்பு, இவளுக்குக் கறுப்பு. நீதான் றெக்கையை விட்டுக் கண்ணை எடுக்கலையே!

புருசன் வேசக்காரி கொஞ்சம் கஷ்டம். கறிவேப்பிலைத் தளிர்ல வயித்தை வளைச்சு முட்டை ஒட்டுனா பொண்ணு. ஈரச் சேத்துல கூட்டமா உக்காந்து உப்பு உறிஞ்சுதுகளே, அதுக அநேகமா ஆம்பளைக. டீக்கடை பெஞ்சு அங்கயும் உண்டு.

இந்தச் சேலை மாத்துற வித்தைக்கு டபுள்செக்ஸ்ங்கற ஒரே மரபணுதான் சாவின்னு 2014ல கிருஷ்ணமேக் குண்டே கூட்டத்தார் கண்டு சொன்னாங்க. ஆணும் அதைச் சுமக்கும், வெளிய காட்டாது. ஆம்பளைக அப்படித்தான்.

நில்லு, இந்த நாலாவது படம் என்னது? இடப்பக்கம் ஆண் றெக்கை, வலப்பக்கம் பொண்ணு றெக்கை, நடு முதுகுல கோடு கிழிச்சாப்ல! இதையா 'சாயம் போனது'ன்னு அழிக்கப் பாத்த? மூணு பழசைப் புதுசுன்ன, ஒரு அபூர்வத்தைக் குப்பைன்ன. நல்லாயிருக்குலே ஒன் படிப்பு.

இதுக்குப் பேரு கைனாண்ட்ரோமார்ஃப். நமக்கு ரத்தத்துல ஓடுற ஹார்மோன் ஒடம்பு பூராவுக்கும் உத்தரவு போடும். பூச்சிக்கு அப்படி இல்ல. ஒவ்வொரு செல்லும் தன் குரோமோசோமைப் பாத்துத் தானே முடிவெடுக்கும். வண்ணத்துப்பூச்சியில ஆணுக்கு இசட் ரெண்டு, பொண்ணுக்கு ஒரு இசட், ஒரு டபிள்யூ. கரு மொத மொதல்ல பிரியுறப்ப பங்கு தப்பினாலும், ஒரே முட்டையில ரெண்டு உட்கரு இருந்து தனித்தனியா சினையானாலும் பாதி ஆணு, பாதி பொண்ணு. தப்பு பிந்தி நடந்தா பாதி பாதியா வராது. அங்கங்க திட்டுத்திட்டாத் தெரியும்.

அதனால இனிமே ரெண்டு பக்க றெக்கையும் விரிஞ்சாப்ல ஒரு படம், அடிப்பக்கம் ஒண்ணு, உடம்பும் வயித்து நுனியும் தெரிய ஒண்ணுன்னு எடு. எடுத்துட்டு அதைப் பறக்க விடு. ஊசி குத்தி அட்டையில ஒட்டுன, கேமராவைப் புடுங்கி ஒங்க ஆத்தாகிட்ட குடுத்துருவேன்.