கலைச்சுப் போடு!

சிம்பாங் ரெங்கத்தில் உட்கார்ந்துகொண்டு சின்னச் சின்ன மேசை விளையாட்டுகளை யோசிப்பவர்களுக்கான கேள்வி–பதில் இது. எழுதியவர்களின் பெயரை எடுத்துவிட்டு ஊரை மட்டும் வைத்திருக்கிறோம்.

சொந்தமாக ஒரு மேசை விளையாட்டு உருவாக்க ஆசை. பெட்டி, பலகை, பொம்மை என்று செலவை நினைத்தாலே மயக்கம் வருகிறதே?
– கல்லூரி மாணவர், மாச்சாப்

பெட்டியை மறந்துவிட்டுச் சட்டைப் பையை நினையுங்கள். ஜப்பானின் செய்ஜி கனாய் 2012இல் வெளியிட்ட ‘லவ் லெட்டர்’ மொத்தமே 16 சீட்டு. உலகம் முழுக்க ஓடியது. அமெரிக்காவின் ‘பட்டன் ஷை’ நிறுவனம் 18 சீட்டை ஒரு குட்டிப் பணப்பையில் போட்டு விற்பதையே தொழிலாக வைத்திருக்கிறது. வழக்கமான சீட்டின் அளவு 63க்கு 88 மில்லிமீட்டர். ஓர் ஏ4 தாளில் ஒன்பது அடங்கும். ஆக, இரண்டு தாள், ஒரு கத்தரிக்கோல், முதல் மாதிரி தயார்.

ஆனால் சின்னது என்றால் சுலபம் என்று நினைக்காதீர்கள். 200 சீட்டு விளையாட்டில் இரண்டு சீட்டு உப்புச் சப்பில்லாமல் இருந்தால் யாருக்கும் தெரியாது. 18இல் இரண்டு சொதப்பினால் ஒன்பதில் ஒரு பங்கு போச்சு. சின்ன விளையாட்டில் ஒளிந்துகொள்ள இடம் இல்லை.

டிராகன், மந்திரவாதி, விண்கலம்: எது நன்றாக விற்கும்?
– இளைஞர், குளுவாங்

டிராகனை நீங்களும் பார்த்ததில்லை, நானும் பார்த்ததில்லை. அன்னாசி ஏற்றிய லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு ஊர்ந்த அனுபவம் நம் இருவருக்கும் உண்டு. அதை எழுதுங்கள். மலேசியாவின் லூமா நிறுவனத்துக்காக கோ சூன் இயன் வடிவமைத்த ‘காக்கி லீமா’ ஜார்ஜ் டவுன் கடைவீதிகளின் ஐந்தடி நடைபாதையை வைத்தே நடக்கிறது. ‘போலிட்டிகோ’ நம் நாட்டு அரசியலையே சீட்டுக்கட்டாக்கியது. இரண்டிலும் டிராகன் கிடையாது. (அரசியல்வாதிகளைக் கணக்கில் சேர்க்கவில்லை.)

நம் வட்டாரத்துக்கே ஒரு கரு தருகிறேன், இலவசம். சிம்பாங் ரெங்கத்தின் அஞ்சல் எண் 86200. ரெங்கத்தின் எண் 86300. ஊர் வேறு, பார்சல் வேறு, பெயர் மட்டும் ஏறக்குறைய ஒன்று. தவறான ஊருக்குப் போன பார்சலை மூன்றே நகர்த்தலில் உரியவரிடம் சேர்க்க வேண்டும். 18 சீட்டு தாராளமாகப் போதும்.

என் மனைவி விளையாடிப் பார்த்துவிட்டு “நல்லா இருக்கு” என்றார். அச்சுக்கு அனுப்பலாமா?
– லாயாங் லாயாங்

அவர் மதிப்பெண் போட்டது உங்கள் விளையாட்டுக்கு அல்ல, வீட்டு நிம்மதிக்கு.

அப்படியானால் யாரிடம் சோதிப்பது?
– அதே லாயாங் லாயாங் வாசகர் (சற்றுக் கோபமாக)

உங்களிடம் கடனும் இல்லை, பாசமும் இல்லை என்கிற ஆளைப் பிடியுங்கள். விதித்தாளைக் கையில் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். “அது அப்படி இல்லை அண்ணே” என்று நீங்கள் சொல்ல நேரும் ஒவ்வோர் இடமும் விதித்தாளில் திருத்த வேண்டிய இடம். உங்கள் விளையாட்டை வாங்குகிறவர் வீட்டுக்கு நீங்களும் கூடவே போக முடியாது. அப்புறம், “பிடித்ததா?” என்று கேட்காதீர்கள். “இன்னொரு தடவை போடலாமா?” என்று அவர்களாகவே சீட்டைக் கலைத்தால், அதுதான் பதில்.

தாயக்கட்டையை வைத்துப் புது விளையாட்டு செய்கிறேன். தாயம் விழாமல் எல்லோரும் கொட்டாவி விடுகிறார்கள். என்ன செய்யலாம்?
– ஆசிரியை, ஆயர் ஹீத்தாம்

கணக்கைப் பார்த்துவிட்டுக் கட்டையைத் திட்டுங்கள், டீச்சர். ஒவ்வொரு கட்டையிலும் நான்கு முகம்: வெறுமை, ஒன்று, இரண்டு, மூன்று. இரண்டு கட்டைக்கு 16 விதமான விழுகை. தாயம், அதாவது ஒன்று, அதில் இரண்டே விதமாக விழும். எட்டில் ஒரு வாய்ப்பு. இரண்டும் வெறுமையாக விழும் பன்னிரண்டு பதினாறில் ஒன்று. மூன்றோ பதினாறில் நான்கு முறை விழும்.

பழைய ஆட்டத்தில் தாயம் விழாமல் காய் இறங்காது. திண்ணையில் பொழுது முழுக்க ஆடியவர்களுக்கு அது சரிப்பட்டது. இன்றைக்குப் பத்து நிமிடத்தில் ஆட்டம் முடிய வேண்டும். அதனால் தாயம் விழாதவருக்கும் கையில் ஒரு வேலை கொடுங்கள்: எதிராளியின் வழியை அடைக்கட்டும், அல்லது ஒரு சீட்டை எடுத்துக்கொள்ளட்டும். ஒன்று, ஐந்து, ஆறு, பன்னிரண்டு விழுந்தால் மறு ஆட்டம் என்ற வழக்கத்தை மட்டும் தொடாதீர்கள். பதினாறில் ஆறு முறை கிடைக்கும் அந்தக் குதூகலத்தை நம் முன்னோர் சும்மா வைத்துவிட்டுப் போகவில்லை.

பரமபதம் மாதிரி முழுக்க அதிர்ஷ்டத்தில் ஓடும் விளையாட்டு தப்பா?
– யோங் பெங்

வைகுண்ட ஏகாதசி இரவுக்கு ரொம்பச் சரி. கண் விழித்திருந்தால் போதும், மூளை விழித்திருக்க வேண்டியதில்லை. காசு கொடுத்து வாங்குகிறவர் தன் முறையில் ஒரு முடிவாவது தானே எடுக்க விரும்புவார்.

பல்லாங்குழியைக் கொஞ்சம் மாற்றி என் பெயரில் விற்றால் திருட்டாகுமா?
– கூலாய்

பல்லாங்குழிக்கு உரிமையாளர் இல்லை. அதன் மலாய் உறவுக்காரரான சொங்காக்குக்கும் இல்லை. சென்னையில் வினிதா சித்தார்த்தா தொடங்கிய ‘க்ரீடா’ 2002இலிருந்து பல்லாங்குழி, ஆடு புலி ஆட்டம், தாயம், பரமபதம் எல்லாவற்றையும் புது அழகோடு செய்து விற்கிறது. யாரும் வழக்குப் போடவில்லை; பாட்டிகள் மகிழ்ந்ததுதான் மிச்சம்.

நம் நாட்டுப் பதிப்புரிமைச் சட்டம் 1987, ஒரு யோசனைக்கோ செயல்முறைக்கோ பாதுகாப்புத் தராது. நீங்கள் வரைந்த படம், நீங்கள் எழுதிய விதித்தாள், இவற்றுக்குத் தரும். விரும்பினால் அறிவுசார் சொத்துக் கழகமான மைஐபிஓவில் அவற்றை அறிவிப்பாகப் பதிந்து வைக்கலாம். விளையாட்டு ஆடும் விதத்தை அடுத்தவர் எடுத்துக்கொள்வதைத் தடுப்பது கடினம். அதனால் “யோசனையைத் திருடிவிடுவார்கள்” என்று பூட்டி வைக்காதீர்கள். பூட்டி வைத்த விளையாட்டைச் சோதிக்க ஆள் கிடைக்காது.

நூறு கட்டு மட்டும் அடிக்க வேண்டும். அச்சகங்கள் ஆயிரம் கேட்கின்றன.
– சிம்பாங் ரெங்கம்

பெயரட்டை அடிக்கும் கடைக்குப் போங்கள். ஒரு வடிவத்துக்கு ஒரு பெட்டி, பெட்டிக்கு நூறு அட்டை என்பதுதான் அங்கே வழக்கமான கணக்கு. 18 வடிவம், 18 பெட்டி: சரியாக நூறு கட்டு. பெயரட்டை சீட்டைவிடக் கொஞ்சம் ஒல்லி, கைக்கு உறுத்தாது.

மூன்று விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். ஒன்று, பின்பக்கம் பதினெட்டுக்கும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். இரண்டு, எல்லாவற்றையும் ஒரே நாளில் ஒன்றாக அடிக்கச் சொல்லுங்கள்; சாயம் ஒரு பொட்டு மாறினாலும் எது எந்தச் சீட்டு என்று எதிராளி கண்டுபிடித்துவிடுவார். மூன்று, மாதிரி அட்டையை விளக்குக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். மறுபக்கம் தெரிந்தால் கனமான அட்டைக்கு மாறுங்கள்.

பிறகு 18 குவியலை நூறு கட்டாகப் பிரித்து அடுக்க வேண்டும். சித்தப்பா, அத்தை, பிள்ளைகள் எல்லோரையும் பசியாற அழையுங்கள். தோசை வரும் முன்பே வேலையைத் தொடங்கிவிடுங்கள்.

எவ்வளவுக்கு விற்கலாம்?
– ரெங்கம்

தொழிலில் இருப்பவர்கள் சொல்லும் பழைய கணக்கு: அடக்க விலையின் நான்கு அல்லது ஐந்து மடங்கு. ஒரு கட்டு 6 வெள்ளிக்கு முடிந்தால் 24 முதல் 30 வெள்ளி. கொள்ளை மாதிரித் தெரியும். கடைக்காரர் பங்கு, கெட்டுப்போன சீட்டு, அஞ்சல் செலவு, இலவசமாக வாங்கிப் போகும் மாமன் மச்சான் எல்லோரையும் கழித்துப் பாருங்கள்.

இதற்கு வரி, பதிவு எல்லாம் உண்டா?
– மாச்சாப்

தொடர்ந்து விற்கப் போகிறீர்கள் என்றால் நிறுவனங்கள் ஆணையமான எஸ்எஸ்எம்மில் பதியுங்கள். சொந்தப் பெயரில் ஆண்டுக்கு 30 வெள்ளி, வணிகப் பெயரில் 60. இன்னொன்று பலருக்குத் தெரியாது: மலேசியாவில் கலால் வரி விதிக்கப்படும் பொருள்களில் கார், மது, சிகரெட்டோடு சீட்டுக்கட்டும் மாஜோங் கட்டையும் உண்டு. உங்கள் சீட்டு அந்த வகைக்குள் வருமா என்பதைப் பெரிய அளவில் அடிக்கும் முன்பே சுங்கத்துறையில் கேட்டுவிடுங்கள்.

சீட்டு என்றாலே அம்மா திட்டுகிறார். “சூதாடியா ஆகப் போறே?” என்கிறார்.
– ஐந்தாம் படிவ மாணவன், சிம்பாங் ரெங்கம்

அம்மாவை ஆட்டத்தில் சேர்த்துக்கொள் தம்பி. இரண்டு முறை ஜெயித்துவிட்டால் மூன்றாம் ஆட்டத்துக்கு அவரே கூப்பிடுவார்.

அந்தக் காலத்தில் தோட்டத்தில் பால் மரக் கொட்டையை வைத்து விளையாடுவோம். அதையெல்லாம் யார் வாங்குவார்கள்?
– ஓய்வுபெற்ற பால்மரம் வெட்டுத் தொழிலாளர், குளுவாங்

ஐயா, இரண்டு கொட்டையை ஒன்றின் மேல் ஒன்று வைத்து, ஓங்கி அழுத்தி, எது உடைகிறது என்று பார்த்தீர்களே, அதில் பந்தயம், பதற்றம், தோல்வி எல்லாமே இருக்கிறது. பலகை தேவையில்லை, பேட்டரி தேவையில்லை. 1996இல் ஜேம்ஸ் எர்னஸ்ட் அமெரிக்காவில் தொடங்கிய ‘சீப்ஆஸ் கேம்ஸ்’, பகடையும் காயும் உங்கள் வீட்டிலேயே இருக்குமே என்று சொல்லி, அவை இல்லாமலே மலிவு விலையில் விளையாட்டுகளை விற்றது. நம்மிடம் காய்கள் மரத்திலிருந்தே விழுகின்றன. எந்தக் கொட்டை உடையும், எது தாங்கும் என்று எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்பதைப் பேரப் பிள்ளைகளை விட்டு எழுதி வையுங்கள். பாதி விதித்தாள் அதிலேயே இருக்கிறது.

சீட்டில் எந்த மொழி? தமிழா, மலாயா, ஆங்கிலமா?
– ஆயர் ஹீத்தாம்

சீட்டில் படம், விதித்தாளில் மூன்று மொழியும். விதி ஒரு மொழிக்கு அரைப் பக்கத்தைத் தாண்டினால் மொழிபெயர்ப்பாளரைத் தேடாதீர்கள், விதியை வெட்டுங்கள்.

விசித்திரமான விளையாட்டுக்கு ஓர் உதாரணம் சொல்லுங்கள்.
– யோங் பெங்

வோல்ஃப்காங் வார்ஷ் வடிவமைத்து, ஜெர்மனியில் 2018இல் வெளிவந்த ‘தி மைண்ட்’. ஒன்று முதல் நூறு வரை எண்கள். எல்லோரும் கையில் உள்ளதை ஏறுவரிசையில் வைக்க வேண்டும். யாரும் பேசக்கூடாது, சைகையும் கூடாது. அவ்வளவுதான். அந்த ஆண்டின் சிறந்த விளையாட்டு விருதுக்கான இறுதிப் பட்டியல் வரை போனது. நம் வீட்டில் நான்கு பேரைப் பேசாமல் உட்கார வைத்தால் அதற்கே தனி விருது தரலாம்.

மோனோபோலி மாதிரி ஒன்று செய்து கோடீஸ்வரன் ஆக முடியுமா?
– கூலாய்

அதன் மூல வடிவத்துக்கு லிசி மேகி என்ற பெண்மணி 1904இல் காப்புரிமை பெற்றார். நிலத்தை வளைத்துப் போடுவது சமூகத்துக்கு எவ்வளவு கெடுதல் என்று காட்டத்தான் அதைச் செய்தார். 1935இல் பார்க்கர் பிரதர்ஸ் அவரிடமிருந்து உரிமையை 500 டாலருக்கு வாங்கிக்கொண்டது. கோடி வந்தது, அவருக்கு வரவில்லை. அதனால் உங்களுக்கு இரண்டு யோசனை: ஒப்பந்தத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள், பகல் வேலையை விடாதீர்கள்.

கடைசியாக ஒன்று. எங்கிருந்து தொடங்குவது?
– பலர், பல ஊர்

பழைய சீட்டுக்கட்டு ஒன்றை எடுங்கள். 18 சீட்டின் மேல் வெள்ளைத் தாளை ஒட்டி, பேனாவால் எழுதுங்கள். படம் கோணலாக இருக்கட்டும். இந்த வாரமே முன்பின் தெரியாத மூன்று பேரிடம் விளையாடக் கொடுங்கள். எந்தச் சீட்டை யாருமே விரும்பி எடுக்கவில்லையோ அதைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறொன்று எழுதுங்கள். அது முடிந்த பிறகு அடுத்த கேள்வியை அனுப்புங்கள். அதற்கு முன் வேண்டாம்.